சின்ன வயதில் இறந்ததாகச் சொல்லப்பட்ட அத்தை

ஆலோசனை கேட்டு எழுதிய வாசகி காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வயது முப்பத்தாறு, வரலாற்றில் முதுகலை படித்தவர். ஆறு ஆண்டுகளாக ஈரோட்டில் குடியிருந்து, குடும்பங்களின் வரலாற்றைத் தேடித் தருவதையே தொழிலாகச் செய்கிறார். யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் போடுகிறவர்களும், பேரன் பேத்திகளுக்குக் கொடிவழி (வம்சாவளிப் பட்டியல்) எழுதிவைக்க நினைக்கிறவர்களும், மலேசியாவிலிருந்து பூட்டன் ஊரைத் தேடி வருகிறவர்களும்தான் அவரிடம் வருகிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகத்துப் பதிவறை, பழைய ஏடு வைத்திருக்கும் வீடுகள் என்று அலைவது அவருடைய வேலை.

சென்ற ஆண்டு திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒரு பெரியவர் தம் குடும்ப வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். பேசிய தொகை 1,50,000 ரூபாய், முன்பணம் 40,000. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, வாட்ஸ்ஆப் செய்திகள்தான் இருக்கின்றன. பெரியவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரங்களையும் ஓர் ஓலைச்சுவடியையும் ஒப்படைத்திருக்கிறார். 'எனக்கு ஒரே ஒரு அத்தை. சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டார்' என்று முதல் நாளே சொல்லியும் இருக்கிறார்.

பெட்டிக்குள் 1961ஆம் ஆண்டு கொள்ளேகாலத்திலிருந்து வந்த ஓர் இன்லண்ட் கடிதம் கிடக்கிறது. 'அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?' என்று மகள் விசாரித்து எழுதியது. பிறப்புப் பதிவேட்டில் 1932இல் அந்த அத்தையின் பிறப்பு இருக்கிறது. இறப்புப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. 1953இல் வேறு சாதிப் பட்டு வியாபாரி ஒருவரை மணந்துகொண்டு போனவரைக் குடும்பம் தலைமுழுகிவிட்டது. வாசகி கொள்ளேகாலத்துக்கே போயிருக்கிறார். அத்தை 1998இல் இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை, காபி கொடுத்து, அம்மாவின் புகைப்படத்தைக் காட்டி, 'அம்மாவுடைய ஊர் எது என்று உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறார். கோயில் வரலாறு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போன வாசகி, தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பெரியவரிடம் இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கொடிவழியில் அத்தை 'சிறுவயதில் காலமானார்' என்றே இருக்க வேண்டுமாம். அதில் வாசகி கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டுமாம், தாலுகா அலுவலகத்தில் கொடுக்கத் தேவைப்படுகிறதாம். ஓலைச்சுவடியை ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம் மகனுக்கு கூரியரில் அனுப்பிவிட வேண்டுமாம். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான். 'மறுத்தால் இந்தப் பக்கம் யாரும் உங்களுக்கு வேலை தரமாட்டார்கள், பார்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சும் வந்திருக்கிறது. இடையில் ஒரு நிலத்தரகர், 'அந்த அம்மாவிடம் பேசுங்கள், பங்கு வாங்கிக் கொடுத்தால் நம் இருவருக்கும் பத்தில் ஒன்று' என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் இவை. கையெழுத்துப் போடலாமா? 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஆசிரியைக்குச் சொத்தில் பங்கு வந்துவிட்டதே, அதை அவரிடம் சொல்லாமல் இருப்பது பாவமில்லையா? பணம் வரும்வரை பெட்டியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டுதானே? பணம் கொடுத்தவர் அவர் என்பதால் நான் எழுதியதெல்லாம் அவருக்கே சொந்தமா?

அன்புள்ள அம்மணி,

உங்களை அப்படி அழைக்கும் வயது எனக்கு ஆகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈரோட்டு நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவருகிறேன். 'சின்ன வயதில் இறந்த அத்தை' எனக்குப் புதியவர் அல்லர். ஒவ்வொரு பெரிய வழக்கிலும் ஒருவராவது இருப்பார். பாதிப் பேர் உண்மையாகவே இறந்தவர்கள். மீதிப் பேர் கோபிசெட்டிபாளையத்திலோ பாலக்காட்டிலோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள்.

கையெழுத்துப் போட வேண்டாம். இது முதல் பதில், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணம் வேறு, பயப்பட வேண்டிய காரணம் வேறு.

உங்கள் முத்திரைக்கு எவ்வளவு எடை

உங்கள் கையெழுத்து விழுந்தால் அந்தக் கொடிவழி சட்ட ஆவணமாகிவிடும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், பெரியவரும் நினைக்கிறார். ஆகாது. வாரிசுச் சான்று தருகிறவர் தாசில்தார், வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துத் தரும் அறிக்கையை வைத்துத்தான் தருகிறார். அந்தச் சான்றே சொத்துரிமையை முடிவு செய்வதில்லை. நீதிமன்றத்திலோ, வம்சாவளியை நிரூபிக்கச் சட்டம் தேடுவது வேறு வகைச் சாட்சியம். குடும்பத்தில் இறந்துபோன ஒருவர், தகராறு தோன்றுவதற்கு முன்பே, உறவைப் பற்றிச் சொன்னதோ எழுதியதோ இருந்தால் அதற்கு எடை உண்டு. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்திலும் அப்படியே இருக்கிறது. தகராறு வந்த பிறகு பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் தயாரிக்கும் கொடிவழிக்கு அந்த இடம் கிடையாது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பெட்டியில் உள்ள 1961ஆம் ஆண்டு இன்லண்ட் கடிதம், மேலே சொன்ன இலக்கணத்துக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. எழுதியவர் இறந்துவிட்டார், தம் தந்தையைப் பற்றி எழுதுகிறார், அப்போது சொத்துத் தகராறு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பழையது, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்திருக்கிறது. உங்கள் முத்திரையைவிட ஒட்டு கிழிந்த அந்த நீலத்தாள் பலமானது.

அப்படியானால் எடை இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சொத்துரிமையைத்தான் அந்தத் தாளால் நிரூபிக்க முடியாது. பொய் என்று தெரிந்தே ஒரு விவரத்தை அரசு அலுவலகத்தில் கொடுப்பதற்கு நீங்கள் துணைபோனீர்கள் என்பதை அது நன்றாகவே நிரூபிக்கும். அத்தை உயிரோடு இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதற்கு நீங்கள் பெரியவருக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியே சாட்சி.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. 'என் வாடிக்கையாளர் இரகசியத்தை நான் வெளியிட முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் சட்டம் தருகிற பாதுகாப்பு உங்கள் தொழிலுக்கு இல்லை. நாளை வழக்கு வந்து நீதிமன்றம் சம்மன் அனுப்பினால், குறிப்பேட்டோடு போய்ச் சாட்சிக் கூண்டில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே எந்தக் கொடிவழி எழுதினாலும், அதை எதிர்த் தரப்பு வக்கீல் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கேள்வி கேட்பதாக நினைத்து எழுதுங்கள்.

விட்டுவிடுவதும் பொய் எழுதுவதும்

இந்த இடத்தில் பெரியவர் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கும்பாபிஷேக மலர் என்பது கோயிலுக்கு வருகிறவர்கள் கையில் போகும் ஒரு நினைவுப் புத்தகம். அதில் யாரைப் போடுவது, யாரை விடுவது என்பது குடும்பத்தின் விருப்பம். அத்தையின் பெயரை விட்டுவிடுவது குற்றமில்லை. எனக்கு அது பிடிக்காது, ஆனால் என் பிடித்தமும் சட்டமும் ஒன்றல்ல. 'சிறுவயதில் காலமானார்' என்று எழுதுவதுதான் பொய்.

ஆகவே அவருக்கு நீங்கள் ஒரு வழி சொல்லலாம். மலருக்காக, ஆண் வழியை மட்டும் காட்டும் கொடிவழி ஒன்று. அதன் தலைப்பிலேயே 'ஆண் வழி மட்டும்' என்றும், அடியில் 'பெண் மக்களும் அவர்கள் வழியினரும் இதில் சேர்க்கப்படவில்லை. வாரிசுரிமை தொடர்பான எதற்கும் இதைப் பயன்படுத்த இயலாது' என்றும் அச்சாக வேண்டும். கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பழைய கொடிவழிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. புலவர்கள் பாடி வைத்ததும் காணிக் கோயில் உரிமைக்காக எழுதி வைத்ததும் ஆண் வழியைத்தான். அவை எதற்கான பட்டியல் என்பது படிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த வரியைச் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்துக்கென்று தனியாக எதுவும் எழுதித் தராதீர்கள்.

வேறு சாதியில் மணந்ததை எழுதினால் இறந்தவருக்கு அவதூறாகிவிடுமோ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவதூறாகலாம்தான். ஆனால், அவர் இருந்தால் அவர் பேர் கெடும்படியாகவும், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் எழுதியிருக்க வேண்டும். இந்துக்களுக்குள் சாதி மாறி நடந்த திருமணங்கள் செல்லும் என்று 1949இலேயே சட்டம் வந்துவிட்டது. அத்தையின் கல்யாணம் நடந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. சட்டப்படி செல்லுபடியான ஒரு திருமணத்தைத் தேதியோடு எழுதுவதில் யாருக்கும் இழிவில்லை. கணவரின் சாதிப் பெயர் மட்டும் எதற்கு? அதை விட்டுவிடுங்கள்.

அத்தைக்குப் பங்கு உண்டா

'2005ஆம் ஆண்டுச் சட்டப்படி' என்று தொடங்குகிறீர்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பெண்களுக்கும் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை தந்த அந்தத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. மகள் இருந்திருக்க வேண்டும். அந்த அத்தை 1998இலேயே போய்விட்டார். தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் அவருக்கு உதவாது, அது அப்போது மணமாகாமல் இருந்த பெண்களுக்கு.

ஆனால் அவருக்கு இந்த இரண்டு சட்டமும் தேவையே இல்லை. பெரியவரின் அப்பாரு, அதாவது அத்தையின் தந்தை, இறந்தது 1962இல், உயில் எழுதாமல் என்கிறீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. எவ்வளவு பங்கு என்பது ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: நீங்கள் எழுதியிருக்கும் குடும்பத்தின் 9 ஏக்கர் தோட்டம் அப்பாரு தாமே வாங்கியதா, முன்னோர் வழி வந்ததா?

அவரே வாங்கியது என்றால், இறந்த அன்றே மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வருக்கும் கால் கால் பங்கு. அப்பாருவின் மனைவியான அப்பத்தாள் 1970இல் இறந்தபோது அவருடைய காலும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அத்தைக்கு ஆக மொத்தம் மூன்றில் ஒன்று, அதாவது 3 ஏக்கர். முன்னோர் சொத்து என்றால் கணக்கு வேறு. அப்பாரு சாவதற்கு ஒரு கணம் முன்பு அவரும் இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டதாகச் சட்டம் கற்பனை செய்துகொள்ளும். அவருடைய மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் நால்வருக்குப் போகும். அப்பத்தாள் பங்கையும் சேர்த்தால் அத்தைக்கு ஒன்பதில் ஒன்று, அதாவது 1 ஏக்கர்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன், இதில்தான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'தாது வருடம் பங்குனி மாதத்துக் கிரயப் பத்திரம். ஆகவே 1877. தாது வருடப் பஞ்சத்தில் கம்புக்குக் காடு வாங்கினார்கள் என்று குடும்பத்தில் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கதைதான். ஆனால் தாது வருடம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, அம்மணி. 1876-77 தாது என்றால் 1936-37ம் தாதுதான். வாங்கியவர் பெயரை வைத்து முடிவு செய்தேன் என்கிறீர்கள். நம் ஊரில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கமாயிற்றே! அப்பாருவுக்கும் அவருடைய பாட்டனுக்கும் ஒரே பெயர் என்று உங்கள் கொடிவழியிலேயே இருக்கிறது.

1877 என்றால் முன்னோர் சொத்து, ஒரு ஏக்கர். 1937 என்றால் அப்பாரு வாங்கியது, மூன்று ஏக்கர். நீங்கள் ஒரு வரியில் போட்ட ஆண்டுக் கணக்கில் இரண்டு ஏக்கர் தோட்டம் தொங்குகிறது.

பத்திரத்தை மறுபடி எடுங்கள். முத்திரைத்தாளில் இருப்பது விக்டோரியா மகாராணியா, ஜார்ஜ் மன்னரா? பின்பக்கத்தில் பதிவு எண்ணும் அலுவலக முத்திரையும் உண்டா? நிலத்தை வள்ளம் என்ற பழைய அளவில் சொல்கிறதா, சர்வே எண்ணும் ஏக்கரும் போட்டிருக்கிறதா? கிராமக் கணக்கில் பசலி ஆண்டு (வருவாய்க் கணக்குக்கான ஆண்டு) இருந்தால் அதோடு 590 கூட்டிப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருடைய காலமாவது வேறு பத்திரத்தால் தெரிந்திருக்கும். நான் பத்திரத்தைப் பார்க்காமல் 1937 என்று சொல்லவில்லை. நீங்கள் பார்த்தும் 1877 என்று சொல்லிவிட்டீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். தவிர, 1937இல் அப்பாரு பெயரில் வாங்கியிருந்தாலும், கூட்டுக்குடும்ப வருமானத்தில் வாங்கியது என்று பெரியவர் தரப்பு வாதிடலாம். அதை முடிவு செய்வது நீதிமன்றம்.

பங்கு 'வந்துவிட்டது' என்று சொல்லிவிட முடியாததற்கு இன்னும் காரணங்கள் உண்டு. அப்பாருவின் இரண்டு மகன்களும் 1966இல் பதிவு செய்த பாகப்பிரிவினை அத்தையின் பங்கைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் அவர் அதில் கையெழுத்திடவில்லை. கல்யாணத்துக்குச் சீர் கொடுத்தால் பங்கு போய்விடும் என்று ஊரில் சொல்வதும் சட்டமில்லை. இவருக்குச் சீரும் கொடுக்கவில்லை. ஆனால் 'உனக்கு உரிமை இல்லை' என்று வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரிந்தும், பன்னிரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் வழக்கு நிற்காது. பங்காளி ஒருவர் தனியாக அனுபவித்தார் என்பது மட்டும் அதற்குப் போதாது. அறுபது ஆண்டு மௌனத்தை நீதிமன்றம் எப்படிப் படிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்பதும் பார்க்க வேண்டியது.

இதையெல்லாம் நான் விரித்துச் சொல்வது நீங்கள் தீர்ப்பெழுத அல்ல. எழுதாமல் இருப்பதற்கு. அறிக்கையில் 'இன்னாருக்கு இத்தனை பங்கு' என்று ஒரு வரிகூட வரக்கூடாது.

கொள்ளேகாலத்துக்குச் சொல்வதா

கடிதத்தில் உங்களை அதிகம் வருத்துவது இதுதான் என்று தெரிகிறது. இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்து தெரிந்துகொண்டது ஒன்று. பொதுப் பதிவேடுகளிலிருந்து தெரிந்துகொண்டது இன்னொன்று. முதலாவது நம்பிக்கையின் பேரில் உங்களிடம் வந்தது. இன்லண்ட் கடிதத்தைப் படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்பினால் அந்த நம்பிக்கையை மீறுகிறீர்கள். இரண்டாவது யாருடைய இரகசியமும் அல்ல. பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் பெற எவருக்கும் உரிமை உண்டு. இறப்புக்கான காரணத்தை மட்டும் தரமாட்டார்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்திலிருந்தும், எழுதியவர் இறந்த பிறகு, எவரும் நகல் கேட்கலாம். 1966ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை அந்த ஆசிரியைக்கும் திறந்தே இருக்கிறது.

சொத்து விவரத்தைத் தேடிப் போய்ச் சொல்லும் கடமை சட்டத்தில் உங்களுக்கு இல்லை. சொல்லாமல் இருப்பது பாவமா என்பது என் துறை இல்லை. ஆனால் வேறொரு கடன் உங்களுக்கு அங்கே இருக்கிறது. பாதி உண்மையைச் சொல்லி அந்த வீட்டுக்குள் போனீர்கள், காபி குடித்தீர்கள், அவர் அம்மா இறந்த ஆண்டையும் புகைப்படத்தையும் வாங்கிக்கொண்டீர்கள், ஊரைக் கேட்டபோது தெரியாது என்றீர்கள். அது சரியில்லை. உங்கள் தொழிலில் நாளைக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்க வேண்டுமானால் அது சரியாக வேண்டும்.

முதலில் பெரியவருடனான வேலையை எழுத்து மூலம் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: ஒரு குடும்பத்தின் சார்பில்தான் வந்தேன், கோயில் வரலாறு மட்டும் அல்ல, நீங்கள் சொன்னதையும் படத்தையும் உங்கள் சம்மதமில்லாமல் பயன்படுத்த மாட்டேன், உங்கள் அம்மாவின் ஊர் இது, பிறப்புப் பதிவில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்வதால் சொத்தைச் சொன்னதாகிவிடாது. ஒரு பெண் தன் தாய் பிறந்த ஊரைக் கேட்கிறாள், அது பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. இதைக்கூடச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் ஆலோசனை சொல்லமாட்டேன். என் சக வக்கீல்களில் சிலர் இதற்கு ஒப்பமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு: ஊர் தெரிந்தால் பதிவேடு தெரிய அதிக நாள் ஆகாது.

ஒரே எச்சரிக்கை. அவர் தனியாகக் கிளம்பி அந்த ஊருக்கு வரப்போகிறேன் என்றால் தடுங்கள். எழுபது ஆண்டாகியும் ஆறாத குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. வக்கீல் மூலம் கேட்கட்டும். பதிவேடு தேடுவதற்கு ஊருக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த வக்கீலுக்கு ஒரு குறிப்பு: கொள்ளேகாலம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டம்தான், 1953ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு ஏதும் இருந்தால் அதைக் கர்நாடகத்தில் மட்டும் தேடினால் போதாது. காங்கேயமும் அப்படித்தான் கை மாறியது. 1979இல் ஈரோட்டோடு பிரிந்து, 2009இல் திருப்பூருக்குப் போனது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தரகர் சொன்ன பத்தில் ஒன்று? ஒரு வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த காகிதத்தை வைத்து அவருக்கு எதிராகவே கமிஷன் பேசுவது. அந்த எண்ணை உங்கள் போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பெட்டி, ஏடு, பாக்கிப் பணம்

செய்த வேலைக்குக் கூலி வாங்கும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அது அந்தப் பொருளின் மீதே உழைப்போ திறமையோ செலுத்தியவருக்கு. தைக்கக் கொடுத்த துணியைத் தையற்காரர் வைத்துக்கொள்ளலாம். சுவடியை நீங்கள் எண்ணெய் பூசி, துடைத்து, படியெடுத்தீர்கள் என்பதால் சுவடியைப் பொறுத்தவரை ஏதோ வாதிடலாம். பெட்டியிலுள்ள பத்திரங்களைப் படித்ததற்காக அவற்றைப் பிடித்து வைக்கிறேன் என்றால் நிற்பது கடினம். அதைவிட, மூலப்பத்திரங்களை ஒரு சின்னப் பெண் மறைத்து வைத்திருக்கிறாள் என்று அவர் போலீசுக்குப் போனால் உங்கள் வாதத்தைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டிவரும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு தாளுக்கும் பட்டியல் எழுதுங்கள், தேதி, பக்கம், கிழிசல் உட்பட. இன்லண்ட் கடிதத்தையும் சேர்த்து. அதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் பின்னால் காணாமல் போனதற்கு நீங்கள்தான் காரணமாவீர்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சுவடியை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பவே கூடாது. 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது மத்திய அரசைத் தவிர, அல்லது அது அதிகாரம் கொடுத்த அமைப்பைத் தவிர, வேறு யாருக்கும் அனுமதிக்கப்படாத செயல், சிறைத் தண்டனை உண்டு. கூரியர் ரசீதில் அனுப்புநர் பெயர் உங்களுடையதாக இருக்கும். பெரியவருக்கு இது தெரியாமலே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நல்ல தெளிவான படங்களை அந்த மகனுக்கு அனுப்பலாம்.

பாக்கி 1,10,000 ரூபாய் பற்றி. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் பணம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. தொகை பேசிய வாட்ஸ்ஆப் செய்திகளும் முன்பணம் வந்த வங்கிக் கணக்கும் போதிய சாட்சியம். ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்று ஒன்று இணைக்க வேண்டும், ஆகவே அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். முழுத் தொகை கிடைக்குமா? வேலை முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை என்று அவர் சொல்வார். பொய்யை எழுத மறுத்ததற்காக வேலை நின்றது என்று நாம் சொல்வோம். செய்த வேலையின் அளவுக்காவது கிடைக்கும் என்பது என் கணிப்பு. நானாக இருந்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 60,000 ரூபாய்க்குச் சமரசம் என்றால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவேன். முன்சீப் கோர்ட்டில் ஆண்டுக்கணக்காக உட்காருவதைவிட எழும்பூரில் உட்காருவது உங்களுக்கு வருமானம்.

நீங்கள் எழுதிய வாசகத்தின் காப்புரிமை உங்களுடையதே. பணம் கொடுத்து எழுதச் சொன்னதாலேயே அது அவருக்குப் போய்விடாது. நீங்கள் கையெழுத்திட்டு எழுத்து மூலம் மாற்றித் தந்திருக்க வேண்டும், தரவில்லை. அவர் குடும்பத்துப் பெயர்களும் தேதிகளும் மட்டும் யாருக்கும் காப்புரிமை இல்லாதவை. ஆகவே அவர் வேறொருவரை வைத்து அதே விவரங்களில் வேறு புத்தகம் எழுதிக்கொண்டால் நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் பத்திகளை அப்படியே எடுத்து, அத்தையைக் கொன்றுவிட்டு அச்சடித்தால் தடுக்கலாம்.

அடுத்த வேலைக்கு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன். கிடைப்பது எதுவானாலும் அதே வடிவில் தருவேன், எந்தப் பதிவேட்டில் கிடைத்தது என்ற குறிப்போடு. கிடைக்காவிட்டாலும் தேடிய நாளுக்குக் கூலி உண்டு. சொத்து விவகாரத்துக்கு இதைப் பயன்படுத்த என் எழுத்துச் சம்மதம் வேண்டும். மூல ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன், உங்கள் வீட்டிலேயே படம் எடுத்துக்கொள்வேன். கடைசி வரி முதலிலேயே இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது. பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள், கடைசித் தவணை அறிக்கையைக் கையில் கொடுக்கும் முன்.

'பார்த்துக்கொள்கிறேன்' என்ற சொல்லை அவர் எந்தத் தேதியில், யார் முன்னால் சொன்னார் என்று இன்றே எழுதி வையுங்கள். ஒரு முறை சொன்னதற்குக் காவல் நிலையம் போகச் சொல்லமாட்டேன். இரண்டாவது முறை வந்தால் போங்கள், அதற்கு என்னிடம் கேட்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்பது வெறும் பேச்சு. கோயில்கள் நிறைய இருக்கின்றன, பங்காளிச் சண்டைகள் அதைவிட நிறைய. சரியாகத் தேதி கணிக்கிற ஆளுக்கு எங்கள் வக்கீல் சங்கத்திலேயே வேலை கிடக்கிறது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் அந்தத் தாது வருடப் பத்திரத்தை வெயிலில் பிடித்து முத்திரைத்தாளை ஒரு முறை பாருங்கள். யார் முகம் தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.